உடும்பு எறிந்த தட்டு

ஒரு காட்டில், புற்றுக்குள் மூக்கை விடுவதற்குக்கூட எறும்புத்தின்னி டோக்கன் வாங்க வேண்டியிருந்த ஒரு காட்டில், எசக்கி என்றொரு இளம் உடும்பு வாழ்ந்துவந்தது. தன் வளையிலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் உடும்பு அதுதான். படித்து முடித்து மூன்று மழைக்காலம் ஆகியும் வேலை கிடைத்தபாடில்லை.

ஒருநாள் ஆலமரத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. காட்டு அஞ்சல் நிலையத்தில் ஒரே ஓர் எழுத்தர் பணியிடம், விளையாட்டு ஒதுக்கீட்டில். விளையாட்டு, டிஸ்க் கோல்ஃப். வட்டத் தட்டு ஒன்றைச் சுழற்றி எறிந்து, தூரத்தில் சங்கிலி தொங்கும் கூடைக்கு அனுப்ப வேண்டும். குறைந்தது அறுபது தப்படி. எசக்கி வயது வரம்பைப் பார்த்தது. அடுத்த அறிவிப்பு வருவதற்குள் தனக்கு அது தாண்டிவிடும் என்று தெரிந்ததும் நேரே விண்ணப்பம் வாங்க ஓடியது.

விண்ணப்பம் வாங்கும் வரிசையில் முன்னால் வடிவு என்ற கீரி நின்றது. வழக்கமாகக் கீரியும் உடும்பும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் ஒரே வரிசையில் நான்கு மணி நேரம் நின்றால் யாராக இருந்தாலும் பேசித்தான் ஆகவேண்டும்.

"வடிவக்கா, இதுவரை எறிந்த அதிகபட்ச தூரம்னு கேட்டிருக்கு. என்ன எழுத?"

"எவ்வளவு எறிஞ்சிருக்க?"

"எறிஞ்சதே இல்ல."

"அப்ப நூறுன்னு போடு. பின்னால நிக்கிற முயலு நூத்திருபது போட்டிருக்கு."

எசக்கி நெடுநேரம் யோசித்துவிட்டு, "இனிமேல்தான்" என்று எழுதியது. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

வடிவிடம் செல்போன் இருந்தது. அதில் தூரத்தைக் கூட்டச் சொல்லித்தரும் வீடியோக்கள் கொட்டிக் கிடந்தன. எசக்கி எல்லாவற்றையும் பார்த்துக் குறிப்பெடுத்தது. கையால் எறியாதே, இடுப்பால் எறி. தட்டை மார்போடு ஒட்டி இழு. முன்கால் ஊன்றிய பிறகு உடம்பு திரும்பட்டும். தட்டின் முன்விளிம்பு மேலே தூக்கினால் காற்று பிடித்து நிறுத்திவிடும், தாழ்த்தியே வை. எல்லா வீடியோவும் ஒத்துப்போன விஷயம் ஒன்று இருந்தது. பிடி இறுக்கமாக இருக்க வேண்டும்.

பிடி விஷயத்தில் எசக்கிக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

முதல் நாள் தட்டு ஒன்பது தப்படி போனது. இடுப்பைத் திருப்பப் பழகியதும் இருபத்திரண்டு. வாலையும் சேர்த்துச் சுழற்றப் பழகியதும் பூஜ்யம். தட்டு கையிலேயே இருந்தது.

வடிவு அதைப் படம்பிடித்து, செல்போனில் மெதுவாக ஓட்டிக் காட்டியது. "இந்தா, இங்க விடணும். விடல. சரி, இங்கயாவது விடணும். விடல. லே, இது ரெண்டாவது சுத்து!"

"வேகமா இழுத்தா விரலு தானா இறுகுதுக்கா. நான் வேணும்னு செய்யல."

"லேசாப் பிடிச்சுப் பாரு."

எசக்கி லேசாகப் பிடித்து எறிந்தது. தட்டு பின்பக்கமாகப் பறந்து வடிவின் காதை உரசிக்கொண்டு போனது.

"இறுக்கியே பிடி," என்றது வடிவு, காதைத் தடவிக்கொண்டே.

தேர்வு நாளன்று அம்மா உடும்பு வளை வாசல் வரை வந்தது. "போயிட்டு வா ராசா. இந்த வேலை கிடைச்சா உங்கப்பா வெயில்ல பூச்சி தேடி அலைய வேண்டாம்." அதைக் கேட்டதும் எசக்கியின் விரல்கள் இன்னும் கொஞ்சம் இறுகின.

மைதானம் ஒரு சரிவு. மேலே எறியும் கோடு. அறுபதாவது தப்படியில் கூடை. அதற்கும் அப்பால் ஆறு. தேர்வுக்குழுச் செயலாளரான ஆமை, கிடங்கிலிருந்து மூன்று தட்டுகளைத் தன் கையெழுத்தில் எடுத்து வந்திருந்தது. போட்டியாளரும் மூவர்தான். வயது வரம்பு தாண்டிப்போன வடிவு, செல்போனோடு படம்பிடிக்க வந்திருந்தது.

முதலில் முள்ளம்பன்றி. வீடியோவில் சொன்னபடியே தட்டைப் பின்னால் கொண்டுபோனது. பின்னால் அதன் முதுகு இருந்தது. தட்டில் பதினான்கு ஓட்டை.

அடுத்து முயல். மூன்றே எட்டு வைத்து, இடுப்பைத் திருப்பி, தட்டை நழுவவிட்டது பாருங்கள், காடே வாயைப் பிளந்தது. தட்டு கூடையைத் தாண்டி, எண்பது, தொண்ணூறு என்று மிதந்துபோய் ஆற்றில் விழுந்தது. ஒரே கைதட்டல்.

ஆமை விதிப் புத்தகத்தைப் புரட்டியது. "தட்டு நின்ற இடம் வரைக்கும்தான் அளக்கணும். உங்க தட்டு இன்னும் நிக்கலையே."

"அது ஆத்தோட போகுது சார்!"

"நின்னதும் மனு குடுங்க."

கடைசியாக எசக்கி. மார்போடு இழுத்தது. முன்காலை ஊன்றியது. இடுப்பு திரும்பியது, வால் சுழன்றது, எல்லாம் வீடியோவில் பார்த்தது போலவே நடந்தது. விடவேண்டிய நொடியில் விரல்கள் இறுகின. தட்டு கிளம்பியது. தட்டோடு எசக்கியும் கிளம்பியது. கோட்டுக்கு மேலாகப் பறந்து, சரிவில் மூன்று முறை மண்ணைத் தொட்டு எழும்பி, சங்கிலி கலகலக்கக் கூடைக்குள் போய் விழுந்தது.

"சார், இதெல்லாம் எறியா? கோட்டைத் தாண்டிட்டான்!" என்று குதித்தது முயல்.

"கோட்டை மிதிக்கக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு. மிதிச்சானா?"

"மேலால போனான் சார், வீடியோ இருக்கு," என்றது வடிவு.

கூடைக்குள்ளிருந்து எசக்கி தலையை நீட்டியது. பொய் சொல்ல அதற்கு மனம் வரவில்லை. "சார், உண்மையில நான் எறியவே இல்ல. விட முடியல."

"அதை விடு தம்பி. தட்டு எங்க?"

"கையிலதான் சார்."

அன்று முழுக்க வாடியிருந்த ஆமையின் முகம் மலர்ந்தது. படிவத்தின் கடைசி வரியில், 'வழங்கிய பொருள் நல்ல நிலையில் இருக்கிறதா?' என்ற கேள்விக்கு அதுவரை இரண்டு முறை 'இல்லை' எழுதியிருந்தது. மூன்றாவது தட்டும் போயிருந்தால் கிடங்குக்கு ஆமைதான் பதில் சொல்லியாக வேண்டும். "அறுபது தப்படி. தட்டும் பத்திரம். தேர்வு!" என்றது.

தட்டை விடுவிக்க இரண்டு காட்டெருமைகள் தேவைப்பட்டன.

எசக்கி வேலையில் சேர்ந்தது. அப்பா உடும்பு நிழலில் படுத்தது. அஞ்சல் நிலையத்துக்குக் கடிதங்கள் வந்தன. எசக்கி வாங்கியது. வாங்கியதோடு சரி, வெளியே ஒன்றும் போகவில்லை. ஆண்டு இறுதியில் ஆய்வுக்கு வந்த கரடி, இந்த நிலையத்திலிருந்து அனுப்பிய கடிதம் ஒன்றுகூட வழியில் தொலைந்ததில்லை என்று பாராட்டிச் சான்றிதழ் நீட்டியது. அதையும் எசக்கி விடவில்லை.

ஒருநாள் முயலின் மனு வந்தது. பெறுநர்: ஆமை. 'ஐயா, என் தட்டு முகத்துவாரத்து மணலில் நின்றுவிட்டது. வந்து அளக்கவும்.'

எசக்கி மனுவை இரண்டு முறை படித்தது. வேலை போனாலும் போகட்டும், இதை இன்றே அனுப்பிவிடுவதுதான் நியாயம் என்று முடிவு செய்தது. அனுப்பும் பெட்டி இரண்டே தப்படியில் இருந்தது. மனுவை மார்போடு இழுத்தது, முன்காலை ஊன்றியது, இடுப்பைத் திருப்பியது.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடைசியில் இந்த விரல்கள்தான்.

நீதி: தூரமாக எறிபவருக்குக் கைதட்டல் கிடைக்கும். வேலை, எறியாதவருக்கே.