கொட்டகை எரிந்த பாட்டு

"பாட்டு உங்களுதுங்கிறதுக்கு என்ன ருசு?" என்று கேட்டார் வெள்ளைத்துரை. மதுரையில் கோர்ட்டு வாசல் மரத்தடியில் டைப்ரைட்டர் வைத்து மனு தட்டிக் கொடுப்பவர் அவர்.

நல்லகாமனுக்குச் சுருக்கென்றது. உசிலம்பட்டிச் சந்தையில் கஞ்சிரா தட்டிப் பாடி, சொந்தமாகக் கட்டிய பாட்டை அச்சடித்து விற்கிற மனிதரிடம் கேட்கிற கேள்வியா இது? போன மாசி சிவராத்திரிக்கு ஊரே குலசாமி கோயிலுக்குப் போயிருந்தபோது, ஆளில்லாத டூரிங் கொட்டகை எரிந்து சாம்பலானது. அதற்கு அவர் கட்டிய பாட்டு ஊரெல்லாம் பிரசித்தம்.

"குலசாமி கும்பிட ஊர் போச்சுதே – கீத்துக்
கொட்டகை குப்புன்னு தீயாச்சுதே!"

இதை முத்திருளன் என்பவன் தன் பெயரில் அச்சடித்து அதே சந்தையில் விற்றான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். ஆனால் வெற்றிலைக்காரி ஒருத்தி, "முத்திருளன் பாட்டை நீயும் நல்லாத்தான்ய்யா பாடுற" என்று பாராட்டிவிட்டுப் போனாள். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"டெல்லிக்கு எழுதிப் போட்டுக் காப்பிரைட் வாங்கிரலாம்" என்றார் வெள்ளைத்துரை. "ஆனா உரிமை கொண்டாடுற ஆளு இருந்தா, அவருக்கு மொதல்ல நோட்டீஸ் குடுக்கணும். விதி அப்படி."

"திருடுனவனுக்கே நோட்டீஸா?"

"விதிண்ணே."

நோட்டீஸ் போயிற்று. ஒரு பாட்டுக்குச் சொந்தக்காரன் என்று ஒருவன் இருக்க முடியும் என்பதே முத்திருளனுக்கு அதுவரை தெரியாது. தெரிந்த பிறகு சும்மா இருப்பானா? சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அடுத்த வாரமே மரத்தடிக்கு வந்து, பாட்டு தன்னுடையது என்றான்.

"யாரு முந்திக் கட்டுனதோ அவருக்குத்தான் பாட்டு" என்று வெள்ளைத்துரை தீர்ப்புச் சொன்னார். பெஞ்சில் தன் மனுவுக்காகக் காத்திருந்த ஒருவர், துண்டால் விசிறுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கொட்டகை எரிஞ்ச மறுநா நான் கட்டுனேன்" என்றான் முத்திருளன்.

"நான் புகை அடங்குறதுக்குள்ள கட்டிட்டேன்" என்றார் நல்லகாமன்.

"நான் எரியும்போதே கட்டிட்டேன்!"

நல்லகாமனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பெற்ற பிள்ளையை எவனோ தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

"அடேய், நான் தை மாசம் தெப்பத்தன்னைக்கே கட்டிட்டேன்டா! வண்டியூர்த் தெப்பக்குளத்துப் படியில உக்காந்து, மெட்டோட! வேணும்னா என் வீட்டுக்காரியக் கேளு!"

அவர் மனைவி சீனியம்மாள் பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்ற கவலையில் இருந்தாள். "ஆமாய்யா, தெப்பம் பாக்க விடாம இதைத்தான் முணுமுணுத்துக்கிட்டு இருந்தாரு. சீக்கிரம் எழுதி விடுங்க" என்று சாட்சி சொன்னாள்.

முத்திருளன் பெஞ்சை ஒரு தரம் பார்த்தான். பிறகு பெரிய கும்பிடாகப் போட்டான். "பாட்டு அண்ணனுதுதான். இதுல ஒரு எழுத்துகூட என்னுது இல்ல." கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

நல்லகாமனுக்குக் கண் கலங்கிவிட்டது. பாட்டு வீடு வந்து சேர்ந்துவிட்டது! தை மாதத் தெப்பத்தன்றே தானே கட்டியது என்று வெள்ளைத்துரை தட்டிக் கொடுத்த தாளில் கொட்டை எழுத்தில் கையெழுத்துப் போட்டார். சீனியம்மாள் சாட்சிக்குக் கைநாட்டு வைத்தாள்.

பெஞ்சுக்காரர் மெல்ல எழுந்து வந்தார். "அண்ணே, இனி இதை மாத்த முடியாதுல்ல?"

"எவனாலயும் முடியாது!" என்றார் நல்லகாமன் நெஞ்சை நிமிர்த்தி.

பெஞ்சுக்காரர் வெள்ளைத்துரை பக்கம் திரும்பினார். "அப்ப என் மனுவுல, என் கொட்டகைக்குத் தீ வச்ச ஆளு யாருன்னு தெரியலைன்னு போட வேணாம்ண்ணே, எரியிறதுக்கு முந்தியே பாட்டுக் கட்டி வச்சவரு இவருன்னு பேரும் ஊரும் போட்டுருங்க."