முறுக்கு சாண்ட்விச் யாத்திரைக் குழு

சாப்பிடுகிறவர்களை உங்களுக்குத் தெரியும். அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போய்விடுவார்கள். நான் சொல்லவந்தது, சாப்பிடப் போவதற்குத் திட்டம் போடுகிறவரைப் பற்றி. சின்ன ஊரென்றால் ஊருக்கு ஒருவர், பெரிய ஊரென்றால் தெருவுக்கு ஒருவர் கட்டாயம் இருப்பார். அடையாளம் சுலபம். நாம் இட்லியை வாயில் வைக்கும் நேரம் பார்த்து, "இதெல்லாம் ஒரு இட்லிங்களா? இட்லின்னா ஒரு எடம் இருக்குது, ஒரு நாளு எல்லாரும் சேந்து போவணும்" என்பார். அந்த ஒரு நாள் எந்தக் காலண்டரிலும் கிடையாது.

கள்ளக்குறிச்சியில் அந்த இனத்தின் பிரதிநிதி ஜோஸ்வா. என்னோடு ஒரே பள்ளியில் கணக்கு வாத்தியார். தங்கமான மனுஷன். தங்கமான மனுஷர்களுக்குத்தான் இந்த வியாதி சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறது.

போன கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஆரம்பித்தது. ஜோஸ்வாவின் மாமனார் சிங்கராயர், ரிஷிவந்தியம் பக்கம் கரும்பும் மரவள்ளியும் போடுகிறவர், வயது அறுபத்தெட்டு, போனில் ஒரு வீடியோ பார்த்தார். சென்னை சௌகார்பேட்டையில் ஒரு கடைக்காரர் ரொட்டிக்குப் பதிலாக முறுக்கை எடுத்து, வெண்ணெய் தடவி, பச்சைச் சட்னியை ஊற்றி, வெள்ளரியும் தக்காளியும் அடுக்கி, சீஸைத் துருவிக் கொட்டி, மேலே இன்னொரு முறுக்கை வைத்து அமுக்கி நீட்டுகிறார். வாங்கினவன் கடிக்கிறான். கடக் என்று ஒரு சத்தம். சிங்கராயர் அந்தச் சத்தத்தை ஏழெட்டு தடவை போட்டுக் கேட்டார்.

"மாப்ள, இத நான் ஒரு கடி கடிச்சிப் பாத்துடணும். ஈஸ்டர் முடிஞ்ச செவ்வாக்கெழம மொத்தத்தையும் புடுங்கிடலாம்னு பல்லு டாக்டரு தேதி குடுத்துட்டாரு. இன்னும் பதினொண்ணுதான் மிச்சம்."

ஒரு மனிதர், ஒரு முறுக்கு, பதினொரு பல், மூன்றரை மாத அவகாசம். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் போய் நின்றால் சென்னை பஸ் கூவிக் கூவி ஏற்றுகிறான். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? மறுநாளே அழைத்துக்கொண்டு போயிருப்பீர்களா? நல்லது, அப்படியே நினைத்துக்கொண்டிருங்கள்.

ஜோஸ்வா வாட்ஸப் குழு தொடங்கினார். குழுவுக்குப் பெயர் வைக்க ஓட்டெடுப்பு நடந்தது. அதற்கே ஒன்பது நாள். இறுதியில் 'மொறுமொறு சென்னை' என்று முடிவாகி, அதற்கொரு படம் வரையப்பட்டு, படத்தில் இருப்பது முறுக்கா ஜாங்கிரியா என்று இரண்டு நாள் சண்டை நடந்து, அதன்பிறகு எக்செல் ஷீட் வந்தது. அடடா, அந்த ஷீட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பதினேழு பத்திகள். யாருக்கு ஜன்னலோர சீட்டு, யாருக்கு வேனில் வாந்தி வரும், யாருக்குச் சர்க்கரை, யாரை அரைமணிக்கொரு தரம் இறக்கிவிட வேண்டும், எல்லாவற்றுக்கும் ஒரு பத்தி. கடைசிப் பத்தியின் தலைப்பு 'மாமா பல்'. அதில் 11 என்று பச்சை நிறத்தில் போட்டிருந்தது.

அவ்வளவு தூரம் போய் ஒரே ஒரு சாண்ட்விச்சைத் தின்றுவிட்டு வருவதா என்று யாரோ கேட்டார்கள். நியாயம்தானே? ஜிலேபி சேர்ந்தது, கச்சோரி சேர்ந்தது, பாதாம் பால் சேர்ந்தது, இருபத்து மூன்று கடைகள் ஆயின. ஒரு கடைக்குக் கால் வயிறு என்றால் ஆளுக்கு ஐந்தே முக்கால் வயிறு தேவைப்படுகிறது என்று ஜோஸ்வா கணக்குப் போட்டுக் காட்டினார். மீந்ததைக் கொண்டுவர டப்பா எடுத்துப் போகலாம் என்று யோசனை சொன்ன புத்திசாலி நான்தான், மறைப்பானேன். டப்பாவுக்கும் ஒரு பத்தி போட்டார்.

வெள்ளிமலையில் ஜீப் ஓட்டுகிற பூமாலை ஜோஸ்வாவுக்குக் கூட்டாளி. அவரில்லாமல் போகக்கூடாது. "காத்தால அஞ்சு மணின்னா எப்டி சார்? மலயேருந்து மொத வண்டி கீழ எறங்கவே ஏழரை ஆயிடும்" என்றார் அவர். நேரம் மாறியது. நேரம் மாறியதால் கடைகளின் வரிசை மாறியது. வரிசை மாறியதால் ஜன்னலோர சீட்டு பற்றி மறுபடியும் பேச வேண்டியதாயிற்று.

இடையில் பொங்கல் வந்தது. சொந்தக் கொல்லையில் விளைந்த கரும்பைச் சிங்கராயர் ஆசையாகக் கடித்தார். ஷீட்டில் 10, மஞ்சள் நிறம்.

"எப்ப மாப்ள கெளம்பறது?"

"ப்ளான் ரெடியாயிக்கினே இருக்குது மாமா."

"நீ எழுதிக்கினே இரு. அது வுழுந்துகினே இருக்கட்டும்."

பிப்ரவரியில் வேன் பேசி, தேதி குறித்து, எல்லாரும் லீவு எழுதிக் கொடுத்த பிறகு மாமியார் அமலோற்பவம் குறுக்கே நின்றார். ஈஸ்டருக்கு முன்னால் நாற்பது நாள் நோன்பு தொடங்குகிற சாம்பல் புதன் தாண்டியிருந்தது. "தபசு காலத்துல கறிய வுட்டு, மீன வுட்டு, கஞ்சி குடிச்சிக்கினு இருக்கறோம். நாக்கு ருசிக்குன்னு மெட்ராசுக்கு வேனு வெச்சிக்கினு போறதா? ஆண்டவரு பாத்துக்கினு இருக்க மாட்டாரு?" ஜோஸ்வா முகத்தில் வருத்தமா தெரிந்தது? ஒரு சொட்டு இல்லை. இந்த இனத்துக்குத் தள்ளிப்போவதைப்போல இனிப்பான பண்டம் உலகத்தில் கிடையாது. ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை என்று புதுத் தேதி போட்டார். செவ்வாய்க்கிழமை பல் டாக்டர். "முழுசா இருபத்துநாலு மணி நேரம் கையில இருக்குதே மாமா" என்றார். பல் அப்போது எட்டு. அதிலும் மேலும் கீழும் நேருக்கு நேர் சந்தித்துக்கொள்வது ஒரே ஒரு ஜோடி. சிங்கராயர் அதன்பிறகு எப்போது என்று கேட்பதையே நிறுத்திவிட்டார். அது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

திங்கட்கிழமையும் வந்தது. பதினான்கு பேர், ஒரு வேன். சாப்பிடுவதற்கென்றே போகிற பயணத்துக்குக் கட்டுச்சோறு எதற்கு? அப்படிக் கேட்டால் நீங்கள் இந்தப் பக்கத்து ஆள் இல்லை என்று அர்த்தம். வெறுங்கையோடு வண்டி ஏறுகிற வழக்கம் இங்கே கிடையாது. புளிசோறு ஒரு அண்டா, உருளைக்கிழங்கு வறுவல் ஒரு தூக்கு, பூமாலை மலையிலிருந்து கொண்டுவந்த சாமைச் சோறு ஒரு சட்டி, எல்லாவற்றையும் ஏற்றி, தியாகதுருகம் தாண்டுவதற்குள் பாதியைத் தீர்த்து, எட்டரைக்கு எலவனாசூர்கோட்டையை நெருங்கினோம். அங்கேதான் சிங்கராயரின் இளைய மகள் ஜெஸியைக் கொடுத்திருக்கிறது.

டப்பாவோடு பதினெட்டாகிவிட்ட பத்திகளில் சம்பந்தி வீட்டுக்கென்று ஒரு பத்தி இல்லை. ஜோஸ்வா முதல்நாளே போன் செய்து, "ஒண்ணும் செய்யாதீங்க, ஒரு டீ குடிச்சிட்டு ஓடிடுவோம்" என்று சொல்லியிருந்தார். எங்கள் பக்கத்தில் அதற்கு, ஆடு அடித்து வையுங்கள் என்று பொருள். ஜெஸியின் மாமியார் சாலம்மாள் வாசலிலேயே நின்றிருந்தார். "சம்மந்தி வூட்டு வேனு எங்க வாசல தாண்டிப் போச்சின்னா, நாள பின்ன ஊருல நாங்க தல காட்ட வாணாமா? ஒரு வாய் துன்னுட்டுப் போங்க."

ஒரு வாய் என்றால் இட்லியும் தலைக்கறிக் குழம்பும். நாற்பது நாள் கஞ்சி குடித்த வயிறுகள் மறுப்பு சொல்லுமா? அதை முடித்து எழுந்தால், மதியச் சோறு அடுப்பில் ஏறிவிட்டது, இன்னும் கொஞ்ச நேரம்தான் என்றார்கள். பிரியாணி, சுக்கா, எலும்புக் குழம்பு, ரசம். ஜோஸ்வா இலைக்கு நடுவே போனை வைத்துக்கொண்டு, இருபத்து மூன்று கடையை ஒன்பதாக்கினார், ஒன்பதை நான்காக்கினார், பிறகு சாய்ந்தார். பதின்மூன்று பேரும் கூடத்தில் வரிசையாகப் படுத்துத் தூங்கினோம். ஆமாம், பதின்மூன்று. எண்ணிப் பார்க்க யாருக்குத் தெம்பு இருந்தது? சிங்கராயர் காலையிலேயே, காத்தாட நடந்துட்டு வரேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனவர்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லார் போனும் ஒன்றாகச் சத்தமிட்டது. குழுவில் சிங்கராயரின் குரல் பதிவு. போட்டோம். முதலில் கார் ஹாரன்கள். பிறகு, கடக். அந்த ஒரே ஜோடி தன் கடமையைச் செய்த சத்தம். கொஞ்ச நேரம் மெல்லுகிற ஓசை. பிறகு பேச்சு.

"மாப்ள, வந்துட்டேன். துன்னுக்கினே இருக்கறேன். காரம் கொஞ்சம் கம்மி, மத்தபடி ஜோரா இருக்குது. ரோட்டுல நின்னு கைய காட்னேன், பஸ்ஸு நின்னுச்சி, ஏறிட்டேன், அவ்ளோதான். ஒண்ணு ஆடுது, ஆடட்டும், நாளைக்குப் புடுங்கறதுதான். அமலு, உனுக்கு ஒண்ணு கட்டிக்கினு வரேன். நமுத்துதான் பூடும். இருந்தாலும் எடுத்தாறேன்."

அமலோற்பவம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும் நெஞ்சு நிறைந்துபோய்ச் சத்தமாகக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது, தட்டினேன். ஜோஸ்வா மட்டும் பதிவை மூன்று தடவை கேட்டார். வெட்கப்பட்டாரா? கடையின் பெயரைச் சொல்லவில்லையே என்றார். பிறகு ஷீட்டைத் திறந்து, 'கள ஆய்வு: வெற்றி' என்று எழுதிப் பச்சை அடித்தார். முழுப் பயணத்தை, மாமாவுக்குப் பல் செட் கட்டி முடிந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்று அங்கேயே உட்கார்ந்து முதல் பத்தியை ஆரம்பித்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். சம்பந்தி வீட்டில் திரும்பி வரும்போது நிறுத்தியிருக்கலாமே, வேனுக்குப் பதில் ரயிலில் போயிருக்கலாமே, பதினான்கு பேர் எதற்கு, ஏழு பேர் போதாதா என்று படிக்கப் படிக்க உங்கள் மனசுக்குள் ஒரு திருத்தம் ஓடியதா இல்லையா? ஓடியிருந்தால், உங்கள் போனிலும் இப்படி ஒரு குழு இருக்கும், அதற்கு நீங்கள்தான் அட்மினாக இருப்பீர்கள். அதில் முன்பெல்லாம் எப்போது, எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்து இப்போது பேச்சு மூச்சில்லாமல் இருக்கிறவர் யார் என்று கொஞ்சம் பாருங்கள். அவரை அழைத்துப் பேசிப் பாருங்கள். மென்றுகொண்டேதான் பதில் சொல்வார்.