பீரோவை இழுக்க ஒரு மதிப்பீடு

செஞ்சிக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சர்க்கார் அலுவலகம் இருந்தது. எந்த இலாகா என்று சொன்னால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், வேண்டாம். 1964-ல் அதற்கு வெள்ளையடித்தார்கள். கதவில் சுண்ணாம்பு தெறிக்கக்கூடாதென்று இரும்பு பீரோவின் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, ஒட்டி வைத்துவிட்டு, வந்தவர்கள் போய்விட்டார்கள். உள்ளே பிறப்புப் பதிவேடு மாட்டிக்கொண்டது.

அந்தப் பதிவேட்டில்தான் கல் இழுக்கும் ராஜாங்கத்தின் மகள் வள்ளியம்மாள் பிறந்திருந்தாள். ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட வயதுச் சான்று வேண்டும். நாளையோடு கெடு முடிகிறது. தன் வீட்டிலிருந்து ஒருத்தி நாற்காலியில் உட்காரப் போகிறாள் என்பதில் ராஜாங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை.

"ரெண்டு முழம் இழுத்தா போதுங்க ஐயா. மலையடியில ரெண்டு டன் கல்லையே இழுக்கறவன் நானு," என்றார்.

அதிகாரி தனசேகரன் பௌதிகத்தில் பட்டம் வாங்கியவர். அதை மறக்கும்படியான சந்தர்ப்பம் அவருக்கு இன்னும் வாய்க்கவில்லை. "மதிப்பீடு இல்லாமல் அரசுச் சொத்தை நகர்த்தக் கூடாது. எடையிலிருந்து உராய்வு, உராய்வைத் தூரத்தால் பெருக்கினால் வேலை, வேலைக்குத் தக்க ஆள். புதுச் சுற்றறிக்கை."

"எடை இன்னாங்க?"

"உள்ளே உள்ள கட்டுகளின் பட்டியலைப் பார்த்தால் தெரியும்."

"பட்டியலு எங்க?"

எழுத்தர் அன்வர் பாஷா சாவிக்கொத்தால் பீரோவின் முதுகைத் தட்டிக் காட்டினார்.

தனசேகரன் அசரவில்லை. "எடையே வேண்டாம். வில்தராசை மாட்டி இழுங்கள். எந்த அளவில் நகர்கிறதோ, அதுதான் உராய்வு. ஆனால் நகரக் கூடாது."

"நகுந்தாதானே ஐயா தெரியும்?"

"நகரப் போகிற சமயத்தில் நிறுத்திவிட வேண்டும்."

புளி மண்டியிலிருந்து வில்தராசு வந்தது. ராஜாங்கத்தின் ஆட்கள் எட்டுப் பேரும் வந்தார்கள். வள்ளியம்மாள் மனுவோடு வாசலில் நின்றாள். கயிறு விறைத்தது. "எண்பது! நூறு! நூத்தி இருபது!" என்று அன்வர் பாஷா ஏலம் விட்டார். நூற்று முப்பதில் பீரோ கிறீச்சென்று கிளம்பி, சரியாக ஒரு மீட்டர் தள்ளி வந்து நின்றது. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் தாராளமாக நுழையலாம். எல்லோரும் கை தட்டினார்கள்.

தனசேகரனுக்கு மட்டும் முகம் வெளுத்துவிட்டது. "அனுமதி வருமுன் நகர்ந்துவிட்டதே! தணிக்கைக்காரர் பார்த்தால் என் வேலை போச்சு. பழைய இடத்திலேயே வையுங்கள், சீக்கிரம்!"

கல் இழுப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தலைவர் குரல் கொடுத்துவிட்டால், கல் உட்காரும்வரை ஒருவரும் வேறெதையும் நினைப்பதில்லை. குரல் கொடுப்பவர் நினைக்கவே மாட்டார்.

"தோள் குடு! ஐலசா!" என்று முழங்கினார் ராஜாங்கம். எட்டுப் பேரும் தள்ளினார்கள். சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு அன்வர் பாஷாவும் தள்ளினார். அதிகாரியே ஒரு கை கொடுத்தார். பீரோ சுவரோடு ஒட்டியது.

"நூல் பிசகல, பாருங்கய்யா!" என்று ராஜாங்கம் வியர்வையைத் துடைத்தார்.

தனசேகரன் கணக்குப் போட்டார். போக நூற்று முப்பது, வர நூற்று முப்பது. 'மேற்படி பீரோ மேற்படி இடத்திலேயே இருக்க, எதிர்பார்த்ததைவிட இரு மடங்கு வேலை செவ்வனே நடந்தேறியது' என்று எழுதினார். ராஜாங்கம் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். சர்க்கார் காகிதத்தில் தன் பெயர் ஏறியதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

வள்ளியம்மாள் உள்ளே வந்தாள். "நைனா, பீரோ நகுந்த சத்தம் கேட்டுச்சே. சான்று எழுதிட்டாங்களா?"

பதினோரு ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்வர் பாஷாவின் கை இடுப்புச் சாவிக்குப் போனது.

"இன்னொரு தபா இழுத்துடலாமா, சார்?"

"இழுக்கலாம். ஆனால் இப்போது தரை தேய்ந்திருக்கும், உராய்வு மாறியிருக்கும். புதிதாக மதிப்பீடு போட வேண்டும்," என்றார் தனசேகரன், உண்மையான வருத்தத்தோடு.

வள்ளியம்மாள் அப்பாவைப் பார்த்தாள். "நீயுமா நைனா தள்ளுன?"

ராஜாங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான்தாம்மா குரல் குடுத்தேன்."