மனைவி ஓடிப்போகும் பாட்டுகள்

செர்த்தனேஜோ என்கிற கிராமத்துப் பாட்டை எப்படியாவது கற்றுத் தெளிந்துவிடுவது என்று ஒரு திங்கட்கிழமை முடிவெடுத்தேன்.

நான் சான்டோஸ் துறைமுகத்துக்காரன். பதினோரு வருஷமாக, மனைவி இவோனியின் ஊரான கோயாஸில் மாட்டு மருந்து விற்கிறேன். இங்கே மாடுகூட அந்தக் கிராமத்துப் பாட்டுக்குத் தலையாட்டும். எனக்கு மட்டும் காது வலிக்கும். "பாட்டு விழாவுக்கு வண்டியில கொண்டுபோய் விடுங்க" என்று இவோனி கேட்கும்போதெல்லாம் இடுப்பு வலி, டயர் பஞ்சர் என்று மாற்றி மாற்றிச் சொல்வேன்.

திடீரென்று அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அதனால்தான் அந்தத் திங்கட்கிழமை முடிவு.

பக்கத்து வீட்டு ஒத்தாசீலியோவிடம் ஓடினேன். பால் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். பெயரிலேயே ஒத்தாசை இருக்கிறது.

"ரெண்டு பேரா பாடணும் தம்பி. ஒருத்தர் முதல் குரல். இன்னொருத்தர் அதுக்குக் கீழேயே ஒட்டிக்கிட்டு வரணும்."

"எங்க வீட்டுலயும் அப்படித்தாண்ணே."

"அப்ப பாதி கத்துக்கிட்டீங்க. இந்தாங்க, இந்தப் பென் டிரைவ்ல நாப்பது பாட்டு இருக்கு."

கேட்டேன். முதல் பாட்டில் மனைவி மாடு அடக்குகிறவனோடு போய்விட்டாள். இரண்டாவதில் லாரி டிரைவரோடு. மூன்றாவதில் யாரோடும் இல்லை, சும்மாவே போய்விட்டாள். அதுதான் என்னை அதிகம் கலக்கியது. திரும்ப அவரிடமே ஓடினேன்.

"என்னண்ணே, ஒருத்திகூட வீட்டுல தங்க மாட்டாளா?"

"வாழ்க்கையைத்தான பாடுறாங்க தம்பி."

"போறதுக்கு முன்னாடி ஏதாச்சும் அடையாளம் தெரியுமா?"

"பதினேழாவது பாட்டக் கேளுங்க. வாரத்துல ஒரு மத்தியானம். நல்ல சட்டை. நல்ல செண்டு."

இவோனி வியாழக்கிழமைதோறும் மத்தியானம் எங்கோ போகிறாள். செண்டும் போடுகிறாள்.

அதன்பின் கடையில் உட்கார முடியவில்லை. நின்றால் நடக்கத் தோன்றியது. நடந்தால் வீட்டுக்குப் போன் போடத் தோன்றியது. பசுவுக்குப் பூச்சி மருந்து கேட்டவருக்குக் குதிரை ஷாம்பு கொடுத்தனுப்பினேன்.

வியாழன் வந்தது.

"எங்க கிளம்பிட்ட?"

"வெளிய."

"வெளியன்னா?"

"வீட்டுக்குள்ள இல்லாத இடம்."

"நான் கொண்டுபோய் விடவா?"

"உங்களுக்கு இடுப்பு வலியாச்சே."

"இன்னிக்குப் பரவாயில்ல."

"டயர்?"

"காத்து அடிச்சாச்சு."

"வேணாங்க. தனியாப் போய்ப் பழகிடுச்சு."

அந்தப் 'பழகிடுச்சு' என் காலை நிற்கவிடவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு பின்தொடர்ந்தேன். அவள் மாதா கோயில் கூடத்துக்குள் நுழைந்தாள். நான் திருவிழாவுக்கு அடுக்கியிருந்த சோள மூட்டைகளுக்குப் பின்னால் நுழைந்தேன்.

உள்ளே ஆண்பிள்ளையே இல்லை. ஒத்தாசீலியோவின் மனைவி தோர்வலீனா இருந்தாள். இவோனி கையில் பத்துத் தந்தி வியோலா கிடார். தோர்வலீனா கீழ்க்குரல் பிடிக்க, இவோனி முதல் குரல் எடுத்தாள். வறண்ட நிலத்தில் முதல் மழை விழுவதைப் பற்றிய பாட்டு. எனக்குக் காது வலிக்கவில்லை. கண்தான் எரிந்தது. பதினோரு வருஷம் அவள் குரலில் திட்டு வாங்கியிருக்கிறேன். அதில் இப்படியொரு பாட்டு இருப்பது தெரியாமலே போய்விட்டதே.

பாட்டு முடிந்தது.

"மூட்டைக்குப் பின்னால இருக்கறவர் மூக்கைச் சிந்திட்டு வாங்க. இந்த ஒலிபெருக்கிய வண்டியில ஏத்தணும்" என்றாள் இவோனி.

திரும்பும் வழியில் தோர்வலீனாவையும் சாட்சி வைத்துக்கொண்டு, ஆண்மகனாகச் சொன்னேன்.

"இனிமே நீங்க எங்க பாடப் போனாலும் நான்தான் கொண்டுபோவேன்."

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?"

"சிரமமா? ஒரு இடத்துக்கும் தனியா விட மாட்டேன்."

"நீங்க இவ்வளவு சொல்றப்ப நான் என்ன பண்ண முடியும்?" என்று இவோனி ஒரு தாளை நீட்டினாள். டிசம்பர் வரை எல்லாச் சனி, ஞாயிறும் நிரம்பியிருந்தது. இருபத்துமூன்று ஊர்.

ஒத்தாசீலியோ வாசலில் நின்றிருந்தார். ஒலிபெருக்கியை இறக்கிக்கொண்டே குறைபட்டேன்.

"இவங்க பாட்டுல யாருமே ஓடிப்போகலண்ணே. மழையைப் பத்திப் பாடுறாங்க. அப்படி ஒண்ணுகூட நீங்க எனக்குக் குடுக்கலையே?"

"அதெல்லாம் நெறைய இருக்கு தம்பி. நீங்க வந்து கேட்டா, ஓடிப்போறதாப் பாத்துப் பொறுக்கிக் குடுக்கச் சொன்னது உங்க வீட்டம்மாதான்."