ஒலிவியாவின் மண்தட்டு

“மார்கிரட், கதவத் தொறக்காத! பூனை வெளிய போயிரும்!”

“தொறக்காட்டி நான் போயிருவேன்!”

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே, ஊத்துமலைத் தோட்டத்து ஃபெக்டரிக்குப் பின்னாலிருந்த குவாட்டர்ஸ் வரிசை முழுவதும் அன்று காலை கேட்ட பேச்சு இது. கேட்காத வீடுகளுக்கு வீரம்மா கொண்டுபோய்ச் சேர்த்தாள். தொழிலாளர் லயத்தில், ஒற்றை அறைக் காம்பரா ஒன்றிலிருந்து வந்து வரிசைக்கு வாசல் கூட்டுகிறவள் அவள். விளக்குமாறு வாசலில் இருக்கும், காது மட்டும் அடுப்படியில் இருக்கும்.

கத்தியவர், ஃபெக்டரியில் தேயிலை பதப்படுத்துவதைக் கவனிக்கிற சின்ன டீமேக்கர் அமிர்தநாதன். ஐம்பத்தைந்தாம் வருஷத்து மழைக்காலத்தில் அவருடைய மூக்கைப் பற்றிப் பேசாத தோட்டம் அந்தப் பக்கத்தில் கிடையாது. தூளை ஒரு கை அள்ளி முகர்ந்தால் போதும், எந்த மலைக் கொழுந்து, மழைக்கு முன் பறித்ததா பின் பறித்ததா என்று சொல்லிவிடுவார். அந்த மூக்கை அவர் ஒரு கோயில்போலப் பாதுகாத்தார். வீட்டில் வாசனைச் சவுக்காரம் கூடாது, தலைக்கு வாசனை எண்ணெய் கூடாது, கருவாடு நினைப்பிலும் கூடாது. “தேயிலை கண்ட வாடையையும் குடிச்சிரும். அப்புறம் கொழும்புல ஒருத்தனும் வாங்க மாட்டான்” என்பார். கல்யாணமான நாளிலிருந்து மார்கிரட் மல்லிகைப்பூ வைத்ததில்லை.

பெரிய டீமேக்கர் அந்த வருஷக் கடைசியில் வேலையை விட்டுப் போகிறார். அந்த நாற்காலியில் அமிர்தநாதன் உட்காருவாரா மாட்டாரா என்பது பெரிய துரையின் ஒரு வார்த்தையில் இருந்தது.

அப்படிப்பட்ட பெரிய துரை, சில நாளுக்கு முன் சீமைக்கு லீவில் புறப்பட்ட அன்று, தன் காரை இந்தக் குவாட்டர்ஸ் வாசலிலேயே நிறுத்தினார். துரைசானி இறங்கினார். அவர் கையில் வெள்ளைவெளேரென்று ஒரு பூனை. பின்னால், பங்களாவில் சமையல் பார்க்கிற அப்பு செல்லசாமி ஒரு மெத்தை, ஒரு பிரஷ், மண் நிரப்பிய பெரிய தகரத் தட்டு எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வந்தான்.

“ஒலிவியா பத்திரம்” என்று சொல்லும்போது துரைசானிக்குக் கண் கலங்கிவிட்டது. “வெளியே விடாதே. சிறுத்தை இருக்கு.”

துரை தன் தோட்டத்துத் தமிழில் ஒன்றே ஒன்று சொன்னார். “அமிர்தநாதன், கதவு ரொம்பச் சாத்தி வைக்காதே. வீட்டுக்குக் காத்து வரணும்.”

எவ்வளவு பெரிய மனுஷன், நம் வீட்டுக் காற்றைப் பற்றிக்கூட நினைக்கிறாரே என்று அமிர்தநாதன் உருகிப்போனார். கார் வளைவில் மறைந்ததும் கதவு, ஜன்னல் அத்தனையையும் சாத்தித் தாழ் போட்டார்.

அந்தத் தகரத் தட்டு எதற்கு என்று முதல் நாள் யாருக்கும் விளங்கவில்லை. மாலையில்தான் அது விளங்கியது. ஒலிவியா மெதுவாகத் தட்டில் ஏறியது. முன்காலால் குழி பறித்தது. உட்கார்ந்தது. மேலே பார்த்துக்கொண்டே காரியத்தை முடித்தது. திரும்பி மண்ணைத் தள்ளி மூடியது. மூடியது சரிதானா என்று முகர்ந்து பார்த்து, இன்னும் ஒரு பிடி போட்டது.

ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டிருந்த வீரம்மாவுக்கு மூச்சே நின்றுவிட்டது.

“அடி ஆத்தா! எங்க லயத்துல பத்துக் காம்பராவுக்கும் சேத்து ஒத்தக் கக்கூஸு. இதுக்குத் தனியா ஒன்னு, அதுவும் ஊட்டுக்குள்ள!”

மறுநாள் முதல், காலைப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு மலைக்குப் போகிற பெண்கள் கூடையோடு ஜன்னலோரம் நின்றார்கள். சிலர் காலைக் கழுவிக்கொண்டுதான் எட்டிப் பார்த்தார்கள்.

“கைய மாதிரியே கால வச்சி மூடுதுடி!”

“சீமையில பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கும்.”

“எங்க வீட்டுக்காரருக்கும் இத ஒருதரம் காட்டணும்.”

பார்க்க வந்தவர்கள் வெளியே நின்றதால் அவர்களுக்கு வியப்பு மட்டுமே கிடைத்தது. உள்ளே இருந்தவர்களுக்கு வாடையும் சேர்ந்து கிடைத்தது. மழையோ விட்ட பாடில்லை. மண்ணைக் காயவைக்க வெயில் இல்லை, கதவைத் திறக்க வழியில்லை. சில நாளிலேயே மார்கிரட் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்பு மூலைக்குக் குடிபோனாள்.

“ஏங்க, மண்ணைக் கொட்டிட்டு அடுப்புச் சாம்பலப் போடுவோமே? சாம்பல் வாடைய அமுக்கும்.”

போட்டார்கள். வாடை பாதி அமுங்கியது. ஆனால் ஒலிவியா சாம்பலில் புரண்டு எழுந்து, துரைசானி கொடுத்த வெள்ளையைத் தொலைத்துவிட்டு, மழை மேகம்போல வந்து அமிர்தநாதனின் தலையணையில் படுத்தது. கட்டில், மேசை, மாதா படம் எல்லாவற்றிலும் பூப்போலக் காலடி. அது தும்முகிற ஒவ்வொரு தும்மலுக்கும் அமிர்தநாதன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

“இதுக்குச் சளி கண்டு ஒன்னு ஆயிருச்சுன்னா என் வேலை என்னாகும்?”

சாம்பல் போய் மறுபடி மண் வந்தது. வாடையும் வந்தது. அடுத்து, கோயில் உபதேசியார் செபமாலையிடம் போய்க் கொஞ்சம் சாம்பிராணி வாங்கி வந்தாள் மார்கிரட். எதற்கென்று அவர் கேட்டபோது, பூனைக்கென்று சொல்ல வெட்கப்பட்டு, “வீட்டுக்கு” என்று மட்டும் சொன்னாள்.

அன்று மாலை சாம்பிராணிப் புகை ஓட்டு இடுக்கு வழியாகக் கிளம்பி வரிசை முழுவதும் மணத்தது. டீமேக்கர் வீட்டில் பெரிய வேலைக்காக நேர்ச்சை நடக்கிறது என்று யார் சொன்னார்களோ தெரியாது. (வீரம்மாதான்.) கொஞ்ச நேரத்தில் உபதேசியாரே செபப் புத்தகத்தோடு வந்துவிட்டார். பின்னால் ஒரு கூட்டம். வந்தவர்களைத் திருப்பி அனுப்ப முடியுமா? முழங்காலில் நின்றார்கள். புகைக்கு நடுவே ஒலிவியா எழுந்து, சபையை ஒரு பார்வை பார்த்து, தட்டில் ஏறி, தன் காரியத்தைத் தொடங்கியது.

செபம் பாதியில் நின்றது. ஒருவரும் சிரிக்கவில்லை. ஒலிவியா கடைசிப் பிடி மண்ணைத் தள்ளி முடிக்கும்வரை அத்தனை பேரும் அசையாமல் பார்த்தார்கள்.

“ஆண்டவர் படைப்பு” என்றார் உபதேசியார், செபப் புத்தகத்தை மார்போடு அணைத்தபடி. பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டு, “நாளைக்குச் செபத்த வெளியில வச்சுக்குவோம்” என்றார்.

நாளைக்கும் வருவார்கள் என்று தெரிந்ததும் அமிர்தநாதன் சாம்பிராணியை நிறுத்திவிட்டு யூக்கலிப்டஸ் தைலத்துக்குப் போனார். தட்டைச் சுற்றி, சுவரில், தரையில் தாராளமாகத் தெளித்தார். அந்த மணம் ஒலிவியாவுக்குப் பிடிக்கவில்லை. தட்டை விட்டு விலகி, வீட்டிலேயே தைலம் படாத ஒரே இடத்தைத் தேர்ந்தெடுத்தது. அது அமிர்தநாதனின் ஃபெக்டரிக் கோட்டு.

கோட்டை மார்கிரட் துவைத்தாள். மழையில் அது காயவில்லை. அடுப்புக்கு மேலே தொங்கவிட்டாள். அப்புறமும் வாடை போகாததால், வாடைமேல் கொஞ்சம் தைலம் தெளித்தாள். அமிர்தநாதனின் மூக்கோ பல நாளாகச் சாம்பல், சாம்பிராணி, தைலம் என்று அடிபட்டு மரத்துப் போயிருந்தது. கோட்டைப் போட்டுக்கொண்டு ஃபெக்டரிக்குப் போய், நாள் முழுவதும் தூளின்மேல் குனிந்து நின்றார்.

மறுநாள், பெரிய துரை இல்லாதபோது தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட சின்ன துரை கோப்பைகளை வரிசையாக வைத்து ருசி பார்த்தார். முதல் கோப்பையை உறிஞ்சி வாயில் சுழற்றினார். துப்பினார். இரண்டாவது கோப்பைக்குப் போகவில்லை.

“அமிர்தநாதன், இது தேத்தண்ணியா, தடுமலுக்கு மருந்தா?”

அமிர்தநாதன் அந்தக் கோப்பையை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

“இந்தத் தூள் கொழும்புக்குப் போகாது. இன்னொரு தரம் இப்படி ஆனா, பெரிய வேலையும் இல்லை, இந்த வேலையும் இல்லை. வெளங்குதா?”

வீட்டுக்கு வந்து சுவரோரம் உட்கார்ந்துவிட்டார் மனுஷன். ஒரு பக்கம் துரைசானியின் உயிர். இன்னொரு பக்கம் தன்னுடைய பிழைப்பு.

“பேசாம அத வெளிய விட்டுட்டு, ஓடிருச்சுன்னு சொல்லிருவோமா?” என்றாள் மார்கிரட்.

“வாயக் கழுவு! தொரை என்னை நம்பித் தந்திருக்காரு. இத்தனை பேரு இருக்க, என் வாசல்ல கார நிப்பாட்டினாரே!”

“அப்ப உக்காந்து முகருங்க.”

“என்னத்த முகர்றது? கோட்டுல கொஞ்சம் தைலம். அத அத்தனை தூளும் சொட்டு விடாமக் குடிச்சிருச்சே...”

சொல்லிக்கொண்டே எழுந்து நின்றார். தைலத்தைக் குடிக்கிற தேயிலை இந்தப் பூனை வாடையை மட்டும் குடிக்காதா?

நல்ல தூள் எடுப்பது திருட்டு. ஆனால் சலிக்கும்போது பறந்து தூணிலும் கூரையிலும் படிகிற பழுப்புப் பஞ்சு குப்பைக் குழிக்குத்தான் போகும். அதையும் கேட் தாண்டி ஒரு சிட்டிகை கொண்டுபோகக் கூடாது என்பது சட்டம். அமிர்தநாதன் ஒரு சாக்கு நிறைய அள்ளிக்கொண்டு புறப்பட, வாட்சர் இராமையா சாக்கையும் ஆளையும் சேர்த்துச் சின்ன துரை முன்னால் நிறுத்தினான்.

“தொரைசானியோட பூனைக்குங்க” என்றார் அமிர்தநாதன்.

துரைசானியின் பெயர் காதில் விழுந்ததும் சின்ன துரை நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். “கொண்டு போ, கொண்டு போ! தினம் கொண்டு போ!”

அன்று தட்டில் மண்ணுக்குப் பதிலாகத் தேயிலைப் பஞ்சு. ஒலிவியா ஏறியது, முகர்ந்தது, யோசித்தது. பிறகு உட்கார்ந்தது. மூடியது.

அமிர்தநாதனும் மார்கிரட்டும் தட்டருகே குனிந்தார்கள். ஒரு மூச்சு இழுத்தார்கள். இன்னும் ஒன்று.

“ஏங்க...”

“உஷ்.”

“ஒன்னுமே வரலிங்க!”

மார்கிரட் சிலுவை போட்டுக்கொண்டாள். வீரம்மாவை உள்ளே கூப்பிட்டு, தட்டுக்கு முன்னால் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி முகரவைத்தார்கள். “டீமேக்கரய்யா,” என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே, “எங்க காம்பரா இத்தனை சுத்தமா மணக்காதுங்க.” அதன்பிறகு வரிசையில் பூனையைப் பார்க்க வந்தவர்கள் அமிர்தநாதனையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்கள். மூக்கும் திரும்பியது. ஃபெக்டரியில் தூளும் பழையபடி மணத்தது.

பெரிய துரையும் துரைசானியும் திரும்பி வந்த அன்று, பங்களாவுக்குக்கூடப் போகாமல் கார் நேரே குவாட்டர்ஸுக்கு வந்தது. ஒலிவியா கொழுகொழுவென்று, பால் விட்ட தேத்தண்ணி நிறத்தில் வாசலுக்கு வந்து நின்றது. துரைசானி அதைத் தூக்கி முத்தமிட்டார். உள்ளே போய் மூலை மூலையாக மூச்சு இழுத்துப் பார்த்தார்.

“வாடையே இல்லை! என்ன செய்தே?”

அமிர்தநாதன் பஞ்சு ரகசியத்தைப் பணிவோடு விளக்கினார். துரைசானி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். வரிசையில் ஒரு துரைசானி ஒரு டீமேக்கருக்குக் கை கொடுத்தது அதுவே முதல் தடவை. பெரிய துரை தட்டருகே குனிந்து, நெடுநேரம் முகர்ந்து பார்த்தார். பிறகு மார்கிரட்டின் முக்காலியில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவருக்கே பேச்சு நின்றுபோனதே என்று வரிசை மலைத்து நின்றது.

வருஷக் கடைசி வந்தது. கினிகத்தேனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு புது ஆள், புதுக் கோட்டோடு வந்து பெரிய டீமேக்கர் நாற்காலியில் உட்கார்ந்தான்.

அமிர்தநாதன் அன்று முழுவதும் சாப்பிடவில்லை. மறுநாள் பொறுக்க முடியாமல் பங்களாவின் குசினி வாசலுக்குப் போனார். அப்பு செல்லசாமி உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். அவன் காலடியில் ஒலிவியா, அருகே ஒரு தட்டு நிறையத் தேயிலைப் பஞ்சு.

“நீ தொரைகூடவே இருக்கிறவன், செல்லசாமி. நெஞ்சத் தொட்டுச் சொல்லு. நான் என்ன கொறை வச்சேன்?”

“நீங்க கொறையே வைக்கலிங்களே ஐயா.”

“அப்புறம் ஏம்பா?”

செல்லசாமி சாப்பாட்டு அறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“‘இந்தப் பூனைச் சனியன் வாடையப் பொறுக்காம ரெண்டே நாள்ல வெளிய தொரத்தி விடுற மூக்கு தோட்டத்துல யாருக்கு இருக்கு’ன்னு சீமைக்குப் போறதுக்கு முந்தி தொரை கேட்டாருங்க, நான்தான் உங்க பேரச் சொன்னேன்.”