கப்பல் புரோக்கர் குடித்த டீ

நடத்தி வைத்த கல்யாணத்தைவிட நிறுத்தி வைத்த கல்யாணத்தால் பேர் வாங்கிய புரோக்கர் கள்ளக்குறிச்சி வட்டாரத்திலேயே ஒருவர்தான். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் எனக்குத் தெரியாது. கப்பல் புரோக்கர் என்று சொன்னால் வடக்கனந்தலிலிருந்து ரிஷிவந்தியம் வரை எல்லோருக்கும் தெரியும். பெண்ணைப் பெற்றவர்கள் பேரைக் கேட்டாலே பயப்படுவார்கள். பையனைப் பெற்றவர்கள் இன்னும் நன்றாகப் பயப்படுவார்கள்.

மற்ற புரோக்கர்கள் ஜாதகக் கட்டோடு வருவார்கள், இவர் ஒரு கதையோடு வருவார். எடைக்கு வாங்கிய ஏதோ சரித்திரப் புத்தகத்தில் படித்ததாம். முந்நூறு வருஷத்துக்கும் முன்னால் போர்த்துக்கல் நாட்டு ராஜகுமாரி ஒருத்தியை இங்கிலாந்து ராஜாவுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். பேர் வாயில் நுழையவில்லை என்று ‘அந்தப் பொண்ணு’ என்றுதான் சொல்வார். சீர்வரிசையில் பம்பாயையே எழுதிக் கொடுத்தார்களாம். மாப்பிள்ளை முகத்தைக்கூடப் பார்க்காமல் கப்பலேறிப் போனாள். கரையில் இறங்கியதும் தொண்டை வறண்டுபோய் ஒரு வாய் டீ கேட்டாள். அந்த ஊரில் அப்போது டீ பழக்கம் அதிகம் இல்லை. பீரைக் கொண்டுவந்து நீட்டினார்கள்.

இந்த இடத்தில் கதையை நிறுத்தி, கூடத்தில் இருக்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பார்.

“டீ கேட்டவளுக்கு பீர குடுத்தான் பாரு, அங்கியே தெரிஞ்சிக்கினு இருக்கணும்.”

அதற்குப் பிறகு வருவதெல்லாம் பயங்கரம். ராஜாவுக்கு ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள். ராணிக்குத் தோழிகள் என்று ஒரு பட்டியல் வந்தது, அதில் அவள் பேர்தான் முதலில். அந்தப் பொண்ணு அந்தப் பேரை அடித்துவிட்டாள். ராஜா விடவில்லை. ஒருநாள் சபையில் அவளையே கூட்டி வந்து நிறுத்த, யாரென்று தெரியாமல் கை கொடுத்த அந்தப் பொண்ணு, தெரிந்ததும் மூக்கில் ரத்தம் கொட்டி மயங்கி விழுந்தாள். கூட வந்திருந்த ஊர்க்காரப் பெண்களில் முக்கால்வாசிப் பேரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். குழந்தையும் தங்கவில்லை. போதாக்குறைக்கு, ராஜாவுக்கு விஷம் வைக்கப் பார்த்தாள் என்று ஊரே பழி போட்டது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ராஜா அவளை விட்டுக்கொடுக்கவில்லை.

இதையெல்லாம் பெண் பார்க்க வந்த இடத்தில், கேசரித் தட்டை வைத்துக்கொண்டு சொன்னால் எந்தச் சம்பந்தம் நிற்கும்? ஒரு மாப்பிள்ளை மூக்கு ரத்தம் வந்த இடத்திலேயே முகம் வெளுத்து முழங்காலில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். இன்னொரு பையனின் அம்மா, எங்களை பீர் குடிக்கிற குடும்பம் என்கிறீர்களா என்று சண்டைக்கு வந்துவிட்டார். அப்படியும் எங்கள் சனம் அவரை விடவில்லை. காரணம், அந்த மனிதர் பொய் சொல்ல மாட்டார்.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசப் போன வீட்டில் கை நனைத்தால், அதாவது எதையாவது சாப்பிட்டால் குடித்தால், சம்மதம் சொன்னதாக அர்த்தம். அதனால் அவர் எந்த வீட்டிலும் பச்சைத் தண்ணீரைக்கூடத் தொட மாட்டார். மஞ்சள் பையில் சொந்தத் தண்ணீர் பாட்டிலும் பொட்டுக்கடலையும் இருக்கும்.

நான் பி.காம். முடித்துவிட்டுச் சும்மா இருந்த வருஷம், அந்த மஞ்சள் பை எங்கள் வீட்டு வாசலுக்கும் வந்தது. மாப்பிள்ளை பம்பாயில் இருக்கிறான், வசதியான குடும்பம், தாத்தா காலத்தில் நம் பக்கத்திலிருந்து போனவர்கள் என்று அப்பாவிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“அந்தப் பொண்ணுக்கு சீரா குடுத்த ஊருக்கே உன்ன கேக்கறாங்க, பாப்பா.”

எனக்குச் சோறு இறங்காமல் போனது அன்றைக்குத்தான். இந்தி தெரியாது, ஆத்தூரைத் தாண்டிப் போனதில்லை. கனவில் கப்பலாக வந்தது.

அவரும் பயந்திருந்தார் என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் அதே வீட்டின் மூத்த பையனுக்கு, ரிஷிவந்தியத்து மலர் என்கிற பெண்ணை முடித்து வைத்தவர் இவர்தான். போட்டோவை மட்டும் பார்த்து அனுப்பி வைத்துவிட்டார். போனவள் ஒரு தீபாவளிக்குக்கூட வரவில்லை. போனில் பேசினால் மாமியார் ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாராம். நல்லா இருக்கேன் என்பதற்கு மேல் மலர் ஒரு வார்த்தை பேச மாட்டாளாம். கப்பல் கதையை இவர் ஊர் ஊராகச் சொல்ல ஆரம்பித்தது அதற்கு அப்புறம்தான்.

அந்த வீட்டார் மறுபடி இவரையே கூப்பிட்டபோது, மலரை நேரில் பார்க்க இதுதான் வழி என்று ஒத்துக்கொண்டு, எங்களுக்கு ஒரு நிபந்தனை போட்டார். மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண்ணும் கூட வர வேண்டும். அப்பா குதித்தார், ஊர் சிரிக்கும் என்றார். “ஊரு ஒரு நாளு சிரிக்கும். இது எத்தினி வருசம் அங்க இருக்கணும், நெனச்சிப் பாருங்க,” என்று இவர் சொன்னதும் அடங்கிவிட்டார். அம்மா மாடுகளுக்காக நின்றுகொண்டாள். நாங்கள் மூன்று பேரும் சேலத்தில் ரயிலேறினோம்.

மழை கொட்டும் ஒரு பகலில் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். நாங்கள் உள்ளே போனதும் மாமியார் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். சாரல் அடிக்கிறது என்றார். வாஸ்தவம்தான். ஆனாலும் நான் அந்தத் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை கையிலிருந்த போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். எவர்சில்வர் டம்ளர்களில் டீ வந்தது. கொண்டுவந்து வைத்தவள்தான் மலர் என்று புரோக்கரின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எலும்பும் தோலுமாக இருந்தாள். எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

அடுப்படியைப் பார்த்துவிட்டு வா பாப்பா என்று புரோக்கர் என்னை எழுப்பி விட்டார். போனேன். மலர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை இன்னும் வேகமாகத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் கேட்டாள்.

“டீ குடிச்சியா?”

“இன்னும் இல்லக்கா.”

“குடிக்காத.”

அவ்வளவுதான். முழங்கை வரை இழுத்துவிட்டிருந்த ரவிக்கைக் கையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டாள். அதற்குள் அங்கே இருந்த தழும்பை நான் பார்த்துவிட்டேன்.

கூடத்துக்கு வந்தேன். அப்பா இன்னும் டம்ளரைத் தொடவில்லை. புரோக்கர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கும் தெரியாமல் வேண்டாம் என்று தலையை அசைத்தேன். அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, டம்ளரை எடுத்து, ஒரே மூச்சில் குடித்துக் கீழே வைத்தார்.

இத்தனை வருஷத்தில் எந்த வீட்டிலும் தண்ணீர் தொடாத மனிதர்! என்னை விற்றுவிட்டார் என்றே நினைத்தேன். மாமியார் வாயெல்லாம் பல்லாக, தட்டு எப்போது மாற்றலாம் என்று கேட்டார்.

“அதுக்கின்னாங்க, வர்ற மாசமே வச்சிக்கலாம். நம்ம மொறப்படி மூத்த மருமவ வந்துதானே சின்னவள அழச்சிக்கினு வரணும்? மலரு எங்ககூடவே கெளம்பட்டும்.”

அப்படி ஒரு முறையா என்று மாமியார் இழுத்தார்.

“நீங்க இங்கியே பொறந்து வளந்தவங்க. பெரியவங்க இருந்திருந்தா சொல்லிக் குடுத்திருப்பாங்க,” என்று வருத்தப்பட்டார் புரோக்கர்.

அப்படி ஒரு முறை ஈரேழு பதினாலு உலகத்திலும் கிடையாது. பொய்யே பேசாதவர் சொன்ன முதல் பொய்யை நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் சொந்த ஊர் முறை தெரியாதவள் என்று பேர் வாங்க அந்த அம்மாவுக்கு மனசில்லை. எனக்குத் தெரியாதா, எங்க மாமியார் சொல்லியிருக்காங்களே என்று அவரே ஒத்துப் பாடினார். ஒரே ஒரு துணிப்பையோடு மலர் எங்களோடு படியிறங்கினாள்.

ரயில் கிளம்பும் வரை நாங்கள் நாலு பேரும் மூச்சுவிட்டோமா என்பதே சந்தேகம். வண்டி நகர்ந்த பிறகுதான் மலர் அழ ஆரம்பித்தாள். விஷயம் புரிந்ததும் அப்பா, வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோமே என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

“வாக்கு குடுத்தது நானு. நீங்க ஒரு சொட்டு குடிக்கல,” என்றார் புரோக்கர். பெர்த்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலே, கதையின் கடைசிப் பக்கத்தை மலரிடம் சொன்னார். புருஷன் செத்த பிறகு அந்தப் பொண்ணு பிறந்த நாட்டுக்கே திரும்பி வந்தாள், தம்பிக்கு உடம்பு முடியாதபோது நாட்டையே ஆண்டாள். இதை எந்தப் பெண் வீட்டிலும் அவர் சொன்னதில்லை. அந்த இடம் வருவதற்குள் சம்பந்தம் முறிந்துவிடும்.

மலரைக் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் தனக்குத் தெரிந்த குடும்பத்தில் தங்க வைத்தார். மகளிர் போலீசில் மனு கொடுத்து, வக்கீல் பிடித்து எல்லாம் முடிய வெகுநாள் ஆயிற்று. கை நனைத்துவிட்டு வாக்குத் தவறிய புரோக்கரை அதற்கப்புறம் ஒருவரும் கூப்பிடவில்லை.

பம்பாயிலிருந்து மட்டும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். உன்னை வெட்டுவேன், மலரை வந்து தூக்குவேன் என்பார்கள். இவர் எல்லா அழைப்பையும் எடுத்து, சரிங்க, ஆமாங்க, தப்புதாங்க என்று மணிக்கணக்கில் கேட்டுக்கொண்டிருப்பார். ஏன் மாமா, ஆஃப் பண்ணித் தொலையக் கூடாதா என்று நான் ஒருநாள் கத்திவிட்டேன்.

“எடுக்கலன்னா கெளம்பி நேரா வந்துருவாங்க பாப்பா. எங்கிட்ட பேசிக்கினு இருக்கற வரைக்கும் அங்கதான இருப்பாங்க,” என்றார்.

அதிலிருந்து, பயம் வந்து தூக்கம் பிடிக்காத நேரமெல்லாம் அவர் நம்பருக்குப் போட்டுப் பார்ப்பேன். லைன் பிஸி என்று வரும். அப்பாடா என்று போனை வைத்துவிட்டுத் தூங்கிப்போவேன்.