பெண் பார்க்கப் போன பல்லுப்புழு

பல் வலிக்கிறவனுக்குப் புத்தியும் பல்லுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். பிள்ளைகளே, ராத்திரி பல் விளக்குங்கள் என்றால் நீங்கள் தூங்குகிற மாதிரி நடிக்கிறீர்கள். சொல்லிச் சொல்லி என் தாடை தேய்ந்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். படித்தாவது எழுந்திருங்கள்.

உங்கள் அம்மாவைப் பெண் பார்க்கத் துடியலூர் போக நாள் குறித்தாயிற்று. அப்போது எனக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் பட்டறையில் வேலை. (டீயில் கரண்டி நிற்கிற அளவுக்குச் சர்க்கரை போட்டுக் குடிக்கிற ஆள் நான்.) கடைவாய்ப்பல் சொத்தையாகி, கன்னம் பணியாரமாக உப்பிவிட்டது. இந்த மூஞ்சிக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று, உங்கள் பெரியப்பா என்னைச் சந்தையில் பல்லுப்புழு எடுக்கிற அம்மாளிடம் இழுத்துப் போனார். அந்தம்மாள் கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டு, புகையைக் குழாய் வழியாக என் வாய்க்குள் விட்டார். கண்ணீரும் எச்சிலுமாகக் கொட்டியது. கீழே தண்ணீர்க் கிண்ணத்தில் வெள்ளையாக என்னவோ மிதந்தது.

"பாத்தீங்களா, எத்தனை புழுன்னு. இனி வலிக்காதுங்க."

நிஜமாகவே வலி இல்லை. (புகையில் வாயே மரத்துப் போயிருந்தது, வேறொன்றுமில்லை.) அந்தப் புழுக்களை ஒரு மருந்து சீசாவில் பிடித்து வைத்துக்கொண்டேன்.

பெண் வீட்டில் அம்மாவின் அப்பா, அதாவது உங்கள் அப்புச்சி, என் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க தம்பி, கன்னம் ஏனுங்க அப்படி? தொத்து வியாதி ஏதாச்சும்…"

சம்பந்தம் அங்கேயே முறிந்துவிடும் போலிருந்தது. சட்டைப் பையிலிருந்து சீசாவை எடுத்து நீட்டினேன். "வியாதியெல்லாம் இல்லீங்க. வாயில புழு இருந்துச்சுங்க. எடுத்துப்போட்டேன்."

அந்த நேரம் பார்த்து உங்கள் அம்மா ஒப்பிட்டுத் தட்டோடு (மற்ற ஊர்க்காரர்கள் சொல்கிற போளிதான்) வந்தாள். சீசாவைப் பார்த்தாள். என் வாயைப் பார்த்தாள். தட்டை எனக்கு எட்டாத இடத்தில் வைத்தாள்.

குணமானதைக் காட்ட நானே எட்டி எடுத்து ஒரு கடி கடித்தேன். வெல்லப் பூரணம் சொத்தைக்குள் இறங்கி, உச்சந்தலையில் போய் முட்டியது.

"பொண்ணப் புடிச்சிருக்குதுங்களா?" என்று கேட்டார் அப்புச்சி.

கன்னத்தைப் பிடித்தபடி இப்படியும் அப்படியும் தலையை ஆட்டி அழுதேன். "பல்லுங்க, பல்லு. பொண்ணு இல்லீங்க" என்று பெரியப்பா மன்றாடினார்.

"டவுன் டாக்டரு வாயில புழு இல்லைன்னு சொல்லட்டும். அப்புறம் பேசிக்கலாமுங்க."

மறுநாள் அப்புச்சியே என்னைக் கோயமுத்தூருக்கு பஸ்ஸில் கூட்டிப் போனார். பல் டாக்டர் சீசாவைத் திருப்பிப் பார்த்தார். "இது விதைக்குள்ள இருக்கிற முளைங்க. சூட்டுல வெடிச்சு விழுகுது. பல்லுல புழுவே கெடையாது. கண்ணுக்குத் தெரியாத கிருமிதான். நாம தின்ன இனிப்ப அது தின்னு புளிக்க வெச்சிரும். அந்தப் புளிப்பு பல்ல அரிச்சிரும்."

"அப்ப இவரு வாயில கிருமி இருக்குதுங்களா?"

"எல்லார் வாயிலயும் இருக்குதுங்க. உங்க வாயிலயும்."

பல் போனது எனக்கு. வாயை மூடிக்கொண்டது அப்புச்சி. துடியலூரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, துண்டால் வாயைப் பொத்தியபடி, "வைகாசில முகூர்த்தம் பாத்துப்போடலாமுங்க" என்றார்.

இன்றைக்கும் ஒப்பிட்டு சுட்டால் உங்கள் அம்மா என் தட்டில் ஒன்றை வைத்துவிட்டு, அடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பாள்: "இது புழுவுக்குங்களா?"

மறுத்து மறுத்து எனக்கும் அலுத்துவிட்டது. ஆமாம் என்று தட்டை நீட்டுகிறேன். தின்றுவிட்டு, எழுந்து போய்ப் பல் விளக்குகிறேன்.